மூன்றாம் அத்தியாயத்தில் சட்டை கேட்டவர்

பொறுமையாருக்கு அந்தப் பெயரை வைத்தவர் ஸ்கேன் டாக்டர். வாழ்த்தி வைத்த பெயர் இல்லை, எரிச்சலில் வைத்தது. எதைக் கேட்டாலும் மனிதர் முதலில் வலது கையைத் தூக்கி உள்ளங்கையைக் காட்டி, "கொஞ்சம் பொறுங்க" என்பார். தீப்பிடித்துவிட்டது என்று சொன்னாலும் இதையேதான் சொல்வார் என்று ஆஸ்பத்திரியில் ஒரு பேச்சு உண்டு. அது அபாண்டம். ஒருமுறை தீ மணி அடித்தபோது முதல் ஆளாகப் படியிறங்கியவரே அவர்தான். இறங்கும்போதும் பின்னால் வந்தவர்களைப் பார்த்துக் கையைக் காட்டி, "பொறுங்க, பொறுங்க" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார், அது வேறு விஷயம்.

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் சேமிப்பு இயந்திரத்தைக் கட்டிக் காப்பது அவர் வேலை. கீழ்த்தளத்தில், துணி வெளுக்கிற அறைக்குப் பக்கத்தில், எப்போதும் குளிரூட்டி ஓடுகிற ஓர் அறை. அதற்குள் இரும்பு பீரோக்களைப் போல இயந்திரங்கள் நின்றபடி உறுமிக்கொண்டிருக்கும். ஸ்கேன் படங்கள், ரத்தப் பரிசோதனை முடிவுகள், சம்பளக் கணக்கு, நடைபாதைக் கேமராக்கள் பிடித்துத் தள்ளுகிற காட்சிகள் எல்லாம் அங்கே போய்த்தான் அடையும். கடைசியில் அவை வட்டுகளில் எழுதப்பட வேண்டும். ஆனால் வட்டில் எழுதுவது ஆமை வேகம். அதனால் இயந்திரத்தின் முகப்பில் கேஷ் மெமரி என்று ஒரு வேகமான நினைவகத்தை வைத்திருக்கிறார்கள். வருகிற தரவு முதலில் அங்கே உட்காரும், பிறகு ஒவ்வொன்றாக உள்ளே போகும். அடிக்கடி தேவைப்படுவது அங்கேயே தங்கிவிடும், கேட்டதும் கைக்கு வரும். பொறுமையார் அதை முன்கூடம் என்பார். டாக்டர் அறைக்கு வெளியே நாற்காலி போட்ட இடம் இருக்கிறதல்லவா, அது மாதிரி என்று விளக்குவார். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

முன்கூடம் எல்லோருக்கும் பொது. பொது என்று வந்துவிட்டாலே சண்டைதான். மாதக் கடைசியில் கணக்குப் பிரிவு சம்பள வேலையைத் தொடங்கினால் அந்தக் கூட்டம் மொத்த நாற்காலியையும் பிடித்துக்கொள்ளும். ஸ்கேன் டாக்டர் ஒரு முதுகெலும்புப் படத்தைத் திறந்தால் கழுத்து வந்து நிற்கும், இடுப்பு வருவதற்குள் நோயாளி எழுந்து உட்கார்ந்து தன் சொந்தக்காரரின் இடுப்பைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார். டாக்டருக்குக் கோபம் மூக்கின் மேலேயே இருக்கும். போனை எடுத்துக் கத்துவார். கணக்கு மேடம் போனை எடுக்காமலே கத்துவார், அவருக்குக் குரல் அப்படி.

இப்படி உயிரை வாங்கியதில் நிர்வாகி ஒருநாள் மூவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"எனக்குத் தனியாப் பிரிச்சுக் குடுத்துடுங்க. அந்தக் கணக்குக்காரங்க சகவாசமே வேண்டாம்" என்றார் டாக்டர்.

"அப்ப எனக்கும் தனியா வேணும். அவருக்கு எவ்வளவோ அவ்வளவு" என்றார் மேடம்.

பொறுமையார் உள்ளங்கையைக் காட்டினார். "பொறுங்க. பிரிச்சா பிரிச்சதுதான். நடுவுல சுவர் வந்துடும். பக்கத்துப் பாகம் காலியாக் கெடந்தாலும் உங்களால ஒரு நாற்காலி வாங்கிக்க முடியாது."

"அந்தச் சுவர்தாங்க எனக்கு வேணும்!" என்றார் டாக்டர்.

"அதோட, கூட்டமா இருக்கும்போது சுவர் எழுப்பக் கூடாது. முன்கூடத்துல காத்திருக்கறதெல்லாம் உள்ள போய்ச் சேர்ந்தப்புறம், ஆள் கம்மியா இருக்கற நேரத்துலதான் செய்யணும். ஆரம்பிச்சா பாதியில நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு தரவோட அசலும் பாதுகாப்புக்கு எடுத்த நகலும் ஒரே பாகத்துல இருக்கணும். ஜோடியைப் பிரிச்சா மெஷின் ஒத்துக்காது."

எல்லாவற்றையும் விட முக்கியமான எச்சரிக்கை ஒன்று அவர் நாக்கின் நுனியில் நின்றது. தனிப்பங்கு எதுவுமே வானத்திலிருந்து விழுவதில்லை, பொதுப்பங்கிலிருந்து வெட்டித்தான் எடுக்கிறோம், பங்கு கேட்காதவர்கள் எல்லோரும் மிச்சத்தில்தான் குடியிருக்க வேண்டும், ஆகவே மிச்சத்தை மட்டும் சுண்டைக்காய் ஆக்கிவிடக் கூடாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் இதை அவர் பாடம் மாதிரி ஒப்பிப்பார். அன்றைக்குச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் டாக்டருக்கு மேடத்தைவிடக் கொஞ்சம் அதிகம் வேண்டும் என்று சண்டை மூண்டது. பொறுமையார் அவருக்குக் கொஞ்சம் கூட்டினார். மேடம் முறைத்தார். மேடத்துக்கும் கொஞ்சம் கூட்டினார். டாக்டர் செருமினார். இப்படியே இரண்டு பக்கமும் மாறி மாறிக் கூட்டிக் கொடுத்து, நிர்வாகி கைகுலுக்கிச் சிரித்தபோது, சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டார். நல்ல மனிதர்களுக்கு உள்ள வியாதி இது. கத்துகிறவர்கள் வாயை அடைத்துவிட்டால் நியாயம் செய்துவிட்டதாகத் தோன்றும்.

இனி பொறுமையார் வீட்டுக்கு வருவோம். வீடு மாடியில் இருந்தது. அவருடைய அப்பா, பஸ் நிலையத்தில் நேரம் குறிக்கிற வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், பெரிய படுக்கையறையில் இருந்தார். அவருக்குத் தும்மல் வரும். வந்தால் ஒன்றோடு நிற்காது, மாடிப்படியில் பானை உருண்ட மாதிரி தொடர்ந்து வரும். இன்னொரு படுக்கையறை கல்லூரியில் படிக்கிற மகனுக்கு. மேசையில் தாளம் போடாமல் அந்தப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது. மூன்றாவதாக ஒரு சின்ன அறை உண்டு. அது பொறுமையாருடைய சாமான்களுக்கு. ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட வட்டுகள், காற்றாடிகள், முடிச்சுப்போட்ட வயர்கள், எந்தப் பூட்டுக்கு என்று தெரியாத சாவிகள். எதையும் தூக்கிப் போட விடமாட்டார், எதற்காவது உதவும் என்பார்.

மனைவிக்கு? கூடம். சோபாவை ராத்திரி விரித்தால் இருவருக்கும் கட்டில், காலையில் மடித்தால் எல்லோருக்கும் சோபா.

அந்த அம்மாளுக்குக் குரல்தான் சொத்து. பெரிய கடையொன்றில் ஒலிபெருக்கி அறிவிப்பாளராக இருந்தார். காணாமல்போன குழந்தையைப் பற்றி அவர் அறிவித்தால் அழுதுகொண்டிருந்த தாய்கூட அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்பாள் என்பார்கள். பிறகு கடைக்காரர்கள் அந்த வேலைக்கு ஒரு மெஷினை வைத்துவிட்டார்கள். சும்மா இருக்கப் பிடிக்காமல், புத்தகங்களைக் குரலில் பதிவு செய்து வெளியிடும் ஒரு நிறுவனத்துக்கு எழுதிப் போட்டார். ஒரு நாவலின் முதல் மூன்று அத்தியாயங்களை வாசித்து அனுப்புங்கள், பிடித்திருந்தால் முழு வரிசையும் உங்களுக்குத்தான் என்றார்கள். வரிசை என்றால் லேசுப்பட்டதில்லை, ஒரு மாலுமிக் குடும்பத்தின் கதை, தலைமுறை தலைமுறையாகப் போகும்.

வீட்டில் சத்தமில்லாத இடம் எது? தேடித் தேடிக் கடைசியில் கூடத்தை ஒட்டியிருந்த துணி அலமாரியைக் கண்டுபிடித்தார். சுவரோடு கட்டிய ஆளுயர அலமாரி. உள்ளே ஒரு முக்காலியைப் போட்டு, தொங்குகிற சட்டைகளுக்கும் புடவைகளுக்கும் நடுவில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தார். துணிகள் எதிரொலியை உறிஞ்சிவிடும். வேர்த்துக் கொட்டும், ஆனால் குரல் சுத்தமாக விழும். அப்படித்தான் வாசித்து அனுப்பினார்.

சனிக்கிழமை பதில் வந்தது. "உங்கள் குரல் அருமை. ஆனால் மூன்றாம் அத்தியாயத்தில் கப்பல் மூழ்கும் இடத்தில் ஒருவர் வந்து நீலச் சட்டை எங்கே என்று கேட்கிறார். பிறகு 'பொறு, நானே எடுத்துக்கறேன்' என்கிறார். மூலநூலில் அப்படி யாரும் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் மறுபடி பதிவு செய்து அனுப்புங்கள். இல்லையென்றால் வேறொருவரைப் பார்க்க வேண்டியிருக்கும்."

அந்த அம்மாள் அதை இரண்டு தடவை படித்தார். சிரிப்பு வந்தது, அதைவிட அதிகமாக அழுகை வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவரிடம் நேராகவே கேட்டார்.

"ஏங்க, அந்தச் சின்ன ரூமைக் காலி பண்ணிக் குடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள நான் அனுப்பியாகணும்."

"பொறு. எடுத்தேன் கவிழ்த்தேன்னு காலி பண்ணிட முடியாது. எது வேணும், எது வேண்டாம்னு பார்த்துப் பிரிக்கணும்."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமைதானே, பிரிங்களேன்."

"இன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும்மா. ஆள் இல்லாத நாள்லதான் முன்கூடத்துல சுவர் எழுப்ப முடியும். டாக்டருக்கு ஒரு பாகம், மேடத்துக்கு ஒரு பாகம்."

"அவங்களுக்கெல்லாம் எப்படிக் கிடைச்சுது?"

"கத்தினாங்க" என்றார் பொறுமையார், செருப்பை மாட்டிக்கொண்டே.

"ஓகோ. நான் கத்தலங்கறதுதான் தப்பா?"

அவர் அதைத் தமாஷ் என்று எடுத்துக்கொண்டார். "ஜோடியைப் பிரிக்கக் கூடாதுன்னு எங்க மெஷின்லயே விதி இருக்கு. நீயும் நானும் ஒரே பாகம்தானே?" என்று சிரித்துவிட்டுப் படியிறங்கினார்.

"ஆமா, ஒரே பாகம்தான். உங்க வயரெல்லாம் ரூம்ல, நான் அலமாரியில" என்று மேலேயிருந்து குரல் வந்தது. அந்தக் குரல் தெருமுனை வரைக்கும் தெளிவாகக் கேட்கும். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்றைக்குச் சுவர் எழுப்பிய வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. காத்திருந்தது எல்லாம் வட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் தொடங்கினார். அசல் நகல் ஜோடிகளைக் கைப்பிடித்து அழைத்துப்போய் ஒரே பாகத்தில் உட்கார வைத்தார். திங்கட்கிழமை டாக்டரின் திரையில் முதுகெலும்பு கழுத்து முதல் கடைசி வரை பொத்தென்று வந்து விழுந்தது. மனிதர் போன் பண்ணி நன்றி சொன்னார். பொறுமையாருக்குத் தலைகால் புரியவில்லை. செவ்வாய், புதன், வியாழன் என்று வீட்டில் மனைவி கேட்டுக்கொண்டே இருந்தார், அவர் கையைக் காட்டிக்கொண்டே இருந்தார். அலமாரிக்குள் நடந்த பதிவுகளில் ஒன்றில் மாமனார் தும்மினார். இன்னொன்றில் மூழ்குகிற கப்பலுக்கு மகன் மேசையில் தாளம் போட்டான்.

வெள்ளிக்கிழமை காலையில் ஆஸ்பத்திரியின் காவல் பொறுப்பாளருக்கு ஒரு யோசனை தோன்றியது. நடைபாதைக் கேமராக்களில் முகம் மங்கலாகத் தெரிகிறதே என்று எல்லாவற்றையும் கூர்மையான படத்துக்கு மாற்றினார். யாரையும் கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? அவருடைய கேமரா.

கேமராக்கள் குடியிருந்தது பொதுப்பங்கில். அதே மிச்சத்துக்குள்தான் அச்சடிக்கும் வேலையும் இருந்தது. ஒரு மூலையில், அடையாளச் சோதனையும் இருந்தது. ஆஸ்பத்திரியில் யார் கணினி முன்னால் உட்கார்ந்தாலும் பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்த்து உள்ளே விடுவது அதுதான். ரொம்பச் சின்ன வேலை, இடமும் அதிகம் கேட்காது. அதற்கென்று ஒரு டாக்டர் இல்லை, மேடம் இல்லை, நிர்வாகி அறைக்கு வந்து மேசையைத் தட்ட ஆள் இல்லை. கேமராக்கள் பெரிய பெரிய படங்களாகக் கொண்டுவந்து கொட்ட, அந்தச் சின்ன முன்கூடம் விளிம்பு வரை நிரம்பியது. அடையாளச் சோதனைக்கு மூச்சு முட்டியது.

கொஞ்ச நேரத்தில் யாராலும் எதற்குள்ளும் நுழைய முடியவில்லை. வரவேற்பில் வரிசை வாசலைத் தாண்டிப் போனது. ஆய்வுக்கூடத்துக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஸ்கேன் டாக்டரின் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து அவருக்கே தலை சுற்றி, கீழ்த்தளத்துக்கு ஓடி வந்தார்.

பொறுமையார் இயந்திரத்தின் கட்டுப்பாட்டுத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன சார் ஆச்சு? என் பாகம் நிரம்பிடுச்சா?"

"இல்ல டாக்டர். உங்க பாகம் காலியாக் கெடக்கு. யாரும் உள்ள வர முடியாததால படமே யாரும் திறக்கல. மேடத்தோட பாகம் மாதக் கடைசி வரைக்கும் தூங்கும். மிச்சத்துல, வாசற்கதவு மாதிரி இருக்கற அடையாளச் சோதனை மாட்டிக்கிச்சு."

"அப்ப என் பாகத்துல அதைக் கொண்டுவந்து உட்கார வையுங்க!"

"முடியாதே. நீங்கதானே சுவர் கேட்டீங்க?"

"சரி, இடிச்சுத் தள்ளுங்க."

"பொறுங்க. உள்ள எழுதாம காத்திருக்கற தரவு இருக்கு. இப்பக் கை வெச்சா இன்னும் இழுக்கும். முதல்ல ஊத்தறதை நிறுத்தணும்."

காவல் பொறுப்பாளருக்குப் போன் போட்டுக் கேமராக்களைப் பழைய மங்கலுக்கே மாற்றச் சொன்னார். தேங்கி நின்றது மெல்ல வடிந்தது. மேடத்தின் பாகத்திலிருந்து ஒரு பெரிய துண்டை எடுத்துப் பொதுப்பங்குக்குத் திருப்பிக் கொடுத்தார். அது முடியும் வரை வேறெதையும் தொடவில்லை. பிறகு கேமராக்களுக்கென்று சின்னதாக ஒரு தனிப்பாகம் கட்டி, அவற்றை அதற்குள் விட்டு அடைத்தார். இனி என்ன கொட்டினாலும் அவற்றின் தலையிலேயே கொட்டிக்கொள்ள வேண்டியதுதான். அறைக்கு வெளியே கூட்டம் கூடிக் கூச்சல் போட்டது. டாக்டர் கதவைத் திறந்து வலது கையைத் தூக்கி உள்ளங்கையைக் காட்டி, "பொறுங்கய்யா, கொஞ்சம் பொறுங்க!" என்றார். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது.

மதியத்துக்கு முன்பே எல்லாம் சரியாகிவிட்டது. எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள், பொறுமையார் மட்டும் அந்தக் குளிரில் அப்படியே உட்கார்ந்திருந்தார். கத்தினவர்கள் இரண்டு பேர். கொட்டி நிரப்பினது வேறொன்று. மூச்சு முட்டினது வாய் திறக்காத ஒன்று. அதற்கு ஒரு பங்கு வேண்டுமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை, ஏனென்றால் அது எப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டிலும் இதேதான். அப்பா வந்தபோது ஓர் அறை போனது. பிள்ளை வளர்ந்தபோது இன்னோர் அறை. பிறகு வயர்களுக்கு ஒன்று. நினைக்க நினைக்க அவருக்குக் காது மடல் சுட்டது. வெட்கம்தான், வேறென்ன. அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

மனைவி அலமாரிக்குள் இருந்தார். அன்றைக்குத்தான் கடைசி நாள். இந்தமுறை அவர் கதவைத் தட்டவில்லை, வெளியே நின்றார். அந்த அம்மாளே தண்ணீர் குடிக்க வெளியே வந்து, முகமெல்லாம் வேர்வையோடு, "என்ன, நீலச் சட்டையா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. தப்புப் பண்ணிட்டேன். அங்கயும் இங்கயும்." நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். "இப்பவே ரூமைக் காலி பண்ணிடறேன். எல்லாத்தையும் இழுத்து வெளிய போடறேன்."

"சாயங்காலத்துக்குள்ள அனுப்பணும். நீங்க அந்த இரும்பையெல்லாம் இழுக்கற சத்தம் அடங்கவே ராத்திரி ஆயிடும்." அந்த அம்மாள் தண்ணீரைக் குடித்தார். எதையோ யோசித்தார். "ஏங்க, ஒண்ணு கேக்கறேன். சத்தமில்லாம வேலை பார்த்ததுக்கா கடைசியில தனிப்பாகம் கட்டினீங்க?"

"இல்ல. கொட்டி நிரப்பறதைத்தான் சின்னதா ஒரு பாகத்துல போட்டு அடைச்சேன்."

"அடைச்சதும்?"

"மத்ததெல்லாம் நல்லா மூச்சு விட்டுது."

"அப்படியா?" என்று அந்த அம்மாள் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார். மாமனார் அறைக் கதவைத் தட்டினார். "மாமா, கொஞ்சம் வாங்க." மகனைக் கூப்பிட்டார். சின்ன அறையின் கதவைத் திறந்து, வயர் மூட்டைகளுக்கு நடுவே காலால் கொஞ்சம் இடம் பண்ணினார். "மூணு பேரும் உள்ள போங்க."

"நானுமா?" என்றார் பொறுமையார்.

"கப்பல் மூழ்கறப்ப சட்டை கேட்டது யாரு?"

மூவரும் உள்ளே போனார்கள். மாமனார் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு பழைய வட்டுப் பெட்டியொன்றின் மேல் உட்கார்ந்தார். மகன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டான். பொறுமையாருக்கு உட்கார இடமில்லை. தன் சாமான்களின் நடுவே, ஒரு காற்றாடி முதுகில் குத்த, நின்றுகொண்டிருந்தார். வெளியிலிருந்து கதவு சாத்தப்பட்டது. பிறகு வீடு முழுவதும் அமைதி. அந்த வீட்டில் அப்படி ஓர் அமைதியை அவர் கேட்டதே இல்லை.

கூடத்தின் நடுவிலிருந்து குரல் தொடங்கியது. அலமாரிக்குள் முடங்கிக் கேட்ட குரல் இல்லை இது, காலை நீட்டி உட்கார்ந்த குரல். ஆனாலும் உணர்ச்சி ஒரு துளி அதிகமில்லை. முதல் அத்தியாயத்தில் மாலுமி வீட்டை விட்டுக் கிளம்பினான். இரண்டாம் அத்தியாயத்தில் கடல் கறுத்தது. மாமனார் தும்மலை விழுங்கி விழுங்கிக் கண் சிவந்துபோனார், ஆனால் மாலுமி பிழைப்பானா என்று தெரியாமல் அவரால் தும்மவும் முடியவில்லை. மூன்றாம் அத்தியாயத்தில் கப்பல் சாய்ந்தது. மாலுமியின் மனைவி கரையில் நிற்கிறாள், அவளுக்கு இன்னும் தெரியாது. அந்த இடத்தில் குரல் தாழ்ந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவள் ஒரு பக்கம் முழுதாக வாசித்து நான் கேட்டதில்லையே என்று பொறுமையார் நினைத்தார். அப்படி வாசிக்க ஒருநாளும் நான் விட்டதில்லை என்பதும் கூடவே தெரிந்தது. அழுகை வந்தது. வயர் மூட்டையில் முகத்தை வைத்துக்கொண்டார்.

"அப்பா, இன்னும் எவ்வளவு நேரம்?" என்று மகன் உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டான்.

அவர் கை தானாக மேலே போனது. உள்ளங்கை விரிந்தது. வாய் திறந்தது. திறந்த வாயை அப்படியே இன்னொரு கையால் பொத்திக்கொண்டார்.

பதிவு அன்று சாயங்காலமே போனது. கதவைத் திறந்துவிட்டதும் மாமனார் தெருவுக்கு ஓடித் தும்மினார். எதிர்வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்து பார்க்கிற அளவுக்குத் தும்மினார்.

அடுத்த வாரம் பதில் வந்தது. "முழு வரிசையும் உங்களுக்கே. மூன்றாம் அத்தியாயத்தை எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் கேட்டோம். ஒருவர் அழுதுவிட்டார். நீலச் சட்டை கேட்டவரைக் காணோமே என்று இன்னொருவர் விசாரிக்கிறார். அவர் நலமா?"

அந்த அம்மாள் கூடத்தில் உட்கார்ந்து பதில் எழுதத் தொடங்கினார். சின்ன அறையிலிருந்து பெட்டிகளை இழுக்கிற சத்தம் வந்துகொண்டிருந்தது. ஒரு மூட்டை வயரோடு பொறுமையார் வெளியே வந்து, இது எதற்காவது உதவுமா என்பதுபோல் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் வலது கையைத் தூக்கி வாசலைக் காட்டினார். அவர் மூட்டையோடு படியிறங்கினார்.

"நலமாக இருக்கிறார். அறையைக் காலி செய்துகொண்டிருக்கிறார்" என்று எழுதி அனுப்பினார் அந்த அம்மாள்.